கேமரா வந்த பிறகு: மகளிர் கிரிக்கெட்டின் எட்டு ஆண்டுகள்

2025 நவம்பர் 2, நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் மைதானம். மழையால் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நள்ளிரவை எட்டிக்கொண்டிருந்தது. தீப்தி சர்மாவின் பந்தை நாடின் டி கிளர்க் தூக்கி அடித்தார். கேப்டன் ஹர்மன்ப்ரீத் கவுர் பின்னோக்கி ஓடி அதைப் பிடித்தார். தென்னாப்பிரிக்கா 246 ரன்னுக்குச் சுருண்டது. இந்தியா 52 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1978 முதல் உலகக் கோப்பையில் ஆடிவரும் இந்திய மகளிர் அணிக்கு இதுவே முதல் கோப்பை.

அந்த இரவைப் பற்றிக் கண்ணீரும் கட்டிப்பிடிப்புமாக ஏராளம் எழுதியாகிவிட்டது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் லார்ட்ஸில் 28 ரன்னுக்குள் ஏழு விக்கெட்டை இழந்து கோப்பையைக் கோட்டைவிட்ட அணி இங்கே வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்டால், உணர்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கேமராக்களை எண்ண வேண்டியிருக்கிறது. எத்தனை ஆட்டங்கள் நேரலையில் போயின, எத்தனை கேமராக்களுடன் போயின, எந்த நேரத்தில் போயின என்ற மூன்று கேள்விகளில்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற அறிவிப்பு தலைப்புச் செய்தியானது நியாயம்தான். ஆனால் அது இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி, அதுவும் பெரிய கண்ணி அல்ல.

முந்தைய காலத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1973-இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆண்களுக்கானது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதே 1973-இல் இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் தொடங்கப்பட்டது. 1976-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட் தொடர். பாட்னாவில் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. 2006-இல்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ மகளிர் கிரிக்கெட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதுவரை பல வீராங்கனைகளுக்குச் சோறு போட்டது கிரிக்கெட் அல்ல, ரயில்வே வேலை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ் 2005 உலகக் கோப்பையில் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்துக்கு 1,000 ரூபாய்தான் கிடைத்தது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

2013-இல் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. வான்கடே மைதானத்தில் நடக்கவிருந்த ஆட்டங்கள், மும்பை அணி ரஞ்சி இறுதிக்கு வந்துவிட்டதால் பிரபோர்னுக்கு மாற்றப்பட்டன. உள்ளூர் ஆண்கள் ஆட்டம் ஒன்றுக்காகப் பெண்களின் உலகக் கோப்பை இடம் பெயர்ந்தது என்றால் வரிசையில் யார் எங்கே நின்றார்கள் என்பது புரியும். அந்தத் தொடரில்தான் சென்னையின் திருஷ் காமினி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதம் அடித்தார். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? திறமை போதாததால் வந்த நிலை அல்ல இது. பார்க்க ஆளில்லாத, பார்க்க வழியும் குறைவாக இருந்த நேரத்தில் அடிக்கப்பட்ட சதம்.

பத்து ஆட்டம் நேரலை, இருபத்தொன்று இணையத்தில்

2017 உலகக் கோப்பையில் மொத்தம் 31 ஆட்டங்கள். அவற்றில் 10 தொலைக்காட்சியில் நேரலையாக வந்தன. மீதி 21 இணையத்தில் ஓடின. இன்று கேட்டால் பாதிக் கிணறுபோலத் தோன்றும். அன்று அது பெரிய தாவல். தொடரின் எல்லா ஆட்டங்களையும் ஏதோ ஒரு திரையில் பார்க்க முடிந்தது அதுவே முதல்முறை.

இந்தப் பிரிவினை பார்வையாளரின் வசதியோடு நிற்கவில்லை, ஆட்டத்தின் முடிவுகளையும் தொட்டது. நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறை அந்தப் பத்து ஆட்டங்களில் மட்டும்தான் இருந்தது. ஒரே உலகக் கோப்பைக்குள் இரண்டு வகை நீதி. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள டிஆர்எஸ் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். அது நடுவர்களின் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒளிபரப்பின் உபரி.

ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் மறைத்ததற்குக் கொடுக்கும் அவுட்டான எல்பிடபிள்யூவில் ரிவியூ (மறுபரிசீலனை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீர்ப்பு வந்த 15 வினாடிக்குள் கேப்டனோ மட்டையாளரோ கையால் 'டி' காட்ட வேண்டும். மூன்றாம் நடுவர் முதலில் பந்துவீச்சாளரின் முன்னங்கால் கோட்டைத் தாண்டியதா என்று பார்ப்பார். பக்கவாட்டுக் கேமரா வேண்டும். அடுத்து பந்து மட்டையில் பட்டதா என்பது. ஸ்டம்பில் இருக்கும் மைக்கின் ஒலியை வேகப் படமெடுக்கும் கேமராவின் காட்சியோடு ஃப்ரேம் ஃப்ரேமாகப் பொருத்திப் பார்ப்பார்கள். கடைசியாகப் பந்தின் பாதை. இதற்கு மைதானத்தைச் சுற்றி உயரத்தில் குறைந்தது ஆறு அதிவேகக் கேமராக்கள் வேண்டும். ஆட்டத்துக்கு முன்பே அவற்றை அளவு பிசகாமல் நிலைப்படுத்த வேண்டும். கேமரா நிற்கும் மேடை அசைந்தால் கணக்கும் அசையும். பந்து எங்கே விழுந்தது, காலில் எங்கே பட்டது, படாமல் போயிருந்தால் ஸ்டம்பில் எங்கே மோதியிருக்கும் என்று மூன்று கட்டமாகப் பதில் வரும். பந்தின் பாதியாவது ஸ்டம்பின் எல்லைக்குள் மோதுவதாகக் கணிப்பு வந்தால்தான் 'நாட் அவுட்' தீர்ப்பு மாறும். அதற்குக் குறைவாக உரசினால் களநடுவர் சொன்னதே நிற்கும்; அணிக்கு ரிவியூ மட்டும் திரும்பக் கிடைக்கும். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்துக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது, அது நேராக நாட் அவுட்.

ரன் அவுட்டிலும் இதே கதைதான். வினாடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும் சாதாரணக் கேமராவில், வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவர் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பெயில் விலகிய கணம் அந்த இடைவெளிக்குள் விழுந்தால் மூன்றாம் நடுவர் குருட்டாம்போக்கில்தான் முடிவு சொல்ல வேண்டும். வினாடிக்கு 300 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் அதே நகர்வு இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இரு முனையிலும் இரு பக்கத்திலும் கேமரா இருந்தால்தான் ஒரு பக்கத்தை ஃபீல்டரோ நடுவரோ மறைக்கும்போது மறுபக்கத்துக் காட்சி கைகொடுக்கும். நான்கைந்து கேமராவை வைத்து இணையத்தில் ஓட்டும் நேரலையில் இதெல்லாம் நடக்காது.

இந்தக் குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2023 ஜூலை 22 மிர்பூர் ஆட்டம் உதாரணம். வங்கதேசத் தொடரில் டிஆர்எஸ் இல்லை. மூன்றாவது ஒருநாள் ஆட்டத்தில் அவுட் கொடுத்த நடுவரின் முடிவை ஏற்காத ஹர்மன்ப்ரீத் மட்டையால் ஸ்டம்பைத் தாக்கிவிட்டுப் போனார். பரிசளிப்பின்போது நடுவர்களையும் சாடினார். இரண்டு சர்வதேச ஆட்டங்களில் ஆடத் தடை, ஆட்ட ஊதியத்தில் 75 சதவீதம் அபராதம். அவர் நடந்துகொண்டது தவறு, தண்டனையும் சரி. ஆனால் ரிவியூ கேட்க வழி இருந்திருந்தால் அந்த மட்டை ஸ்டம்பை நோக்கிப் போயிருக்குமா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். இரு அணியும் 225 ரன். ஆட்டம் சமனில் முடிந்தது. 2021 மார்ச்சில் லக்னோவில் நடந்த தென்னாப்பிரிக்கத் தொடரிலும் டிஆர்எஸ் இல்லை. அது இந்திய வாரியமே நடத்திய தொடர்.

டிஆர்எஸ் அரிதாகக் கிடைப்பதில் இன்னொரு கேடும் உண்டு: அதைப் பயன்படுத்தும் பழக்கம் வராது. ரிவியூ கேட்பது கேப்டனின் உள்ளுணர்வு அல்ல, ஒரு வேலைப் பிரிவினை. பந்தின் திசையை விக்கெட் கீப்பர் சொல்வார். காலில் எவ்வளவு உயரத்தில் பட்டது என்பதைப் பக்கவாட்டில் பாயின்ட்டிலோ ஸ்கொயர் லெக்கிலோ நிற்பவர் சொல்வார். பந்துவீச்சாளரை மட்டும் நம்பக்கூடாது. அவருக்கு எல்லாமே அவுட்தான். ஓர் இன்னிங்ஸுக்கு இரண்டு ரிவியூ. ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டத்தில் மட்டும் இது கிடைக்கும் அணி, பத்தாவது ஓவருக்குள் இரண்டையும் எரித்துவிட்டு முழிக்கும்.

டெர்பியும் லார்ட்ஸும்

2017 ஜூலை 20, டெர்பி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி மழையால் 42 ஓவராகக் குறைந்தது. ஹர்மன்ப்ரீத் 115 பந்தில் ஆட்டமிழக்காமல் 171: இருபது பவுண்டரி, ஏழு சிக்ஸர். இந்தியா 281, வெற்றி 36 ரன்னில். நேரலை இல்லாமல் போயிருந்தால் இது இன்னொரு காமினி சதமாக ஆகியிருக்கும். மூன்று நாள் கழித்து லார்ட்ஸ். இங்கிலாந்தின் 228 ரன்னைத் துரத்திய இந்தியா 3 விக்கெட்டுக்கு 191 என்ற நிலையிலிருந்து 219-க்கு ஆல் அவுட். ஆன்யா ஷ்ரப்சோலுக்கு 46 ரன்னுக்கு 6 விக்கெட்.

தோல்விதான். ஆனால் அந்தத் தொடரை இந்தியாவில் 15.6 கோடிப் பேர் பார்த்ததாகச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) கணக்குச் சொன்னது. அதில் 8 கோடி கிராமப்புறப் பார்வையாளர்கள். விளம்பரதாரரின் தூக்கத்தைக் கலைத்த எண் இந்த இரண்டாவதுதான். பெண்கள் கிரிக்கெட்டை நகரத்துப் படித்த வர்க்கம்தான் பார்க்கும் என்ற எண்ணத்துக்கு அது குறுக்கே நின்றது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. 'ரீச்' என்பது ஆட்டத்தை எட்டிப் பார்த்த எல்லோரையும் சேர்த்த கணக்கு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சேனல் மாற்றியவரும் அதில் ஒருவர். சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு எண், எப்போதும் மிகச் சிறியது. இணையத்தில் 'ஒரே நேரத்தில் பார்த்தோர்' என்று ஓடும் எண் இன்னொரு வகை. மூன்றையும் குழப்பிச் சாதனை அறிவிப்பது ஒளிபரப்பாளர்களின் வாடிக்கை. 2025 இறுதியை ஜியோஹாட்ஸ்டாரில் 18.5 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதும் ரீச் கணக்குதான். ஆனால் ஆண்களின் 2024 டி20 உலகக் கோப்பை இறுதிக்கும் அதே தளத்தின் முந்தைய வடிவத்தில் அதே அளவு என்பதால், ஒரே அளவுகோலில் வைத்த ஒப்பீடு என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு.

மதியம் இரண்டு மணிக்கு யார் வருவார்?

லார்ட்ஸின் சூட்டில் பெண்களுக்கும் ஐபிஎல் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 2018 மே 22 அன்று வான்கடேயில் ஒரே ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். நேரம் மதியம் 2 மணி, அதாவது அன்று மாலை நடக்கவிருந்த சென்னை–ஹைதராபாத் ஐபிஎல் தகுதி ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப் மாதிரி. மும்பையின் மே மாத வெயில், வேலை நாள், காலியான இருக்கைகள். பிறகு "கூட்டமே வரவில்லையே, யார் பார்ப்பார்கள்" என்று கேட்கவும் ஆளிருந்தது. பந்தியில் கடைசியாக உட்காரவைத்துவிட்டுப் பசியில்லை என்று சொல்வதைப் போல.

நேரமும் இடமும் சரியாக அமைந்தபோது நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் 8, மகளிர் தினம், மெல்போர்ன்: ஆஸ்திரேலியா–இந்தியா டி20 உலகக் கோப்பை இறுதிக்கு 86,174 பேர். 2022 டிசம்பரில் டி.ஒய். பாட்டீலில் இந்தியா–ஆஸ்திரேலியா டி20: இலவச அனுமதி, மாலை நேரம், 45 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்; ஆட்டம் சூப்பர் ஓவர் வரை போய் இந்தியா வென்றது. அதன் பிறகுதான் பெண்களின் ஐபிஎல்லான மகளிர் பிரீமியர் லீக் (டபிள்யூபிஎல்) ஏலத்தில் முதலாளிகள் பையைத் திறந்தார்கள்.

2023 ஜனவரியில் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையை வயாகாம்18 நிறுவனம் 951 கோடி ரூபாய்க்கு எடுத்தது, ஆட்டத்துக்கு 7.09 கோடி. அதே காலத்துக்கான ஐபிஎல் உரிமை 48,390 கோடி, ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. பதினேழு மடங்கு இடைவெளி. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. என் கணக்கில் அந்த 7 கோடிதான் பெரிய செய்தி. அதுவரை சந்தையில் விலையே இல்லாத ஒன்றுக்கு விலை கிடைத்தது. சில நாட்களிலேயே ஐந்து அணிகள் மொத்தம் 4,669.99 கோடிக்கு விற்றன. அகமதாபாத் அணி மட்டும் 1,289 கோடி. பிப்ரவரி 13 ஏலத்தில் ஓர் அணிக்கு 12 கோடி வரம்பு. ஸ்மிருதி மந்தனா 3.40 கோடிக்குப் பெங்களூரு போனார். முதல் சீசனில் பெண்களுக்கு மைதான அனுமதி இலவசம்.

பணத்தைவிட முக்கியம் தயாரிப்புத் தரம். எல்லா ஆட்டத்துக்கும் முழு டிஆர்எஸ். வைடு, நோபால் தீர்ப்புகளையும் ரிவியூ கேட்கலாம் என்ற விதி முதலில் அமலானது டபிள்யூபிஎல்லில்தான். பந்து வேகம் அளக்கும் கருவி இருந்ததால்தான் 2024 மார்ச்சில் ஷப்னிம் இஸ்மாயிலின் 132.1 கி.மீ. பந்து பதிவானது. முன்பு யாரும் அந்த வேகத்தில் வீசவே இல்லையா, அளக்கப்படவில்லையா என்பது வேறு விவாதம்.

பயிற்சியறையிலும் இது வேலை செய்கிறது. ஒவ்வொரு பந்தின் காட்சியும் திசை, அளவு, ஆடிய ஷாட் என்று குறியிட்டுச் சேமிக்கப்படுகிறது. உள்ளூர் ஆட்டத்தில் நன்றாக வீசும் ஒரு பெண்ணைத் தேர்வாளர் நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு என்ற நிலை மாறியது. கடப்பா மாவட்டத்தின் ஸ்ரீ சரணியை 2024 டிசம்பர் ஏலத்தில் டெல்லி 55 லட்சத்துக்கு எடுத்தது. 2025 ஏப்ரலில் இந்திய அணியில் அறிமுகம். மத்தியப் பிரதேசத்தின் கிராந்தி கவுட் 10 லட்ச அடிப்படை விலைக்கு எடுக்கப்பட்டவர். மே மாதம் இந்திய அணியில். நவம்பரில் இருவர் கையிலும் உலகக் கோப்பை. இவ்வளவு குறுகிய பாதை முன்பு கிடையாது. 2025 நவம்பர் ஏலத்தில் சரணியின் விலை 1.30 கோடி ஆனது.

சம ஊதியம்: எதில் சமம்?

2022 அக்டோபர் 27 அன்று பிசிசிஐ அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. அதுவரை பெண்களுக்கு ஒருநாள், டி20 இரண்டுக்கும் 1 லட்சம்தான். நியூசிலாந்து இதைச் சில மாதங்கள் முன்பே செய்திருந்தது.

சமமானது ஆட்ட ஊதியம். ஆண்டு ஒப்பந்தம் சமமாகவில்லை. பெண்களுக்கான ஒப்பந்தமே 2015-இல்தான் தொடங்கியது. அறிவிப்பு வந்த காலத்தில் பெண்களுக்கு ஏ பிரிவில் 50 லட்சம், பி-யில் 30, சி-யில் 10. ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, கடைசிப் பிரிவுக்கே 1 கோடி. அதாவது பெண்களின் உச்சம் ஆண்களின் அடிமட்டத்தில் பாதி. அடுத்தது ஆட்டங்களின் எண்ணிக்கை. ஓராண்டில் 10 ஒருநாளும் 10 டி20-யும் ஆடினால் 90 லட்சம். 20-ம் 15-ம் ஆடினால் 1 கோடி 65 லட்சம். விகிதம் ஒன்றாக இருந்தாலும் அட்டவணை மெலிந்திருந்தால் கைக்கு வருவது மெலியும். டெஸ்டில் இது இன்னும் வெளிப்படை: 15 லட்சம் என்பது காகிதத்தில் அழகான தொகை, பெண்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு டெஸ்ட் கிடைத்தாலே அதிகம். ஆகவே வீராங்கனைகளின் வருமானத்தைக் கூட்ட வேண்டுமானால் தொகையைவிட அட்டவணையைத்தான் நிரப்ப வேண்டும். அட்டவணையை நிரப்புவது ஒளிபரப்பாளருக்கு ஆட்டம் தேவைப்படுவதைப் பொறுத்தது.

கிடைக்கும் அந்த ஓரிரு டெஸ்ட்டில் என்ன செய்ய முடியும் என்பதை 2024 ஜூன் இறுதியில் சேப்பாக்கம் பார்த்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முதல் நாளே 4 விக்கெட்டுக்கு 525. ஷஃபாலி வர்மா 205, மந்தனா 149, தொடக்க ஜோடிக்கு 292. 6 விக்கெட்டுக்கு 603 என்று டிக்ளேர் செய்தது மகளிர் டெஸ்ட் வரலாற்றின் உச்ச ஸ்கோர். சிநேக் ராணா முதல் இன்னிங்ஸில் 77 ரன்னுக்கு 8 விக்கெட்.

இடையில் மொழி பற்றி ஒரு சிறு குறிப்பு. கிரிக்கெட் விதிகளைக் காக்கும் எம்சிசி 2021-இல் 'பேட்ஸ்மேன்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பேட்டர்' என்று மாற்றியது. உலகம் முழுக்கச் சர்ச்சை. தமிழுக்கு அந்த வேலையே இல்லை. மட்டையாளர், பந்துவீச்சாளர், நடுவர் எல்லாம் முதலிலேயே இருபாலுக்கும் பொது. மாற்ற வேண்டியிருந்தது 'ஆட்ட நாயகன்' ஒன்றைத்தான். 'நாயகி' சுலபமாக ஒட்டிக்கொண்டது.

2025: மூன்று தோல்விகளும் ஒரு துரத்தலும்

இந்த உலகக் கோப்பை சீராகப் போகவில்லை. இறுதி ஆட்டம் பெங்களூருவில் நடப்பதாக இருந்தது. ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்ததை அடுத்து ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாறின. மகளிர் ஆட்டத்துக்குக் கூட்டம் கூடிப் பழகிய மைதானம் என்பதால் அந்த மாற்றம் கடைசியில் தொடருக்கு நல்லதாகவே போயிற்று. நுழைவுச் சீட்டு 100 ரூபாயிலிருந்து.

தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என அடுத்தடுத்து மூன்று தோல்வி. ஆஸ்திரேலியா 331-ஐத் துரத்தி எடுத்தது. இங்கிலாந்திடம் இந்தியா 4 ரன்னில் தோற்றது. குறை எங்கே என்று பார்த்தால், ஐந்து பந்துவீச்சாளர்களோடு மட்டும் இறங்கியதால் ஒருவர் அடி வாங்கினாலும் மாற்ற ஆளில்லை. அதைச் சரிசெய்ய இங்கிலாந்து ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸை உட்காரவைத்தார்கள். பந்துவீச்சு கூடியது, துரத்தலில் ஒரு மட்டை குறைந்தது. அடுத்த ஆட்டத்தில் அவர் திரும்பினார். நியூசிலாந்தை வென்று அரையிறுதி. பிறகு வங்கதேச ஆட்டத்தில் தொடக்க வீராங்கனை பிரதிகா ராவலுக்குக் கணுக்கால் காயம். பதிலுக்கு ஷஃபாலி அழைக்கப்பட்டார்.

அக்டோபர் 30. ஆஸ்திரேலியா 338. அந்த அணி ஒருநாள் உலகக் கோப்பையில் கடைசியாகத் தோற்றது 2017 டெர்பியில்தான். ஜெமிமா மூன்றாவதாக இறங்கி 134 பந்தில் 127 நாட் அவுட், ஹர்மன்ப்ரீத் 89. இந்தியா 48.3 ஓவரில் 341. மகளிர் ஒருநாள் கிரிக்கெட்டிலேயே மிகப் பெரிய துரத்தல். ஆட்டத்துக்குப் பின் ஜெமிமா தொடர் முழுக்கத் தன்னை வாட்டிய மனப்பதற்றத்தைப் பற்றி நேரலையிலேயே அழுதபடி பேசினார். மனநலம் பற்றிய ஒரு பேச்சு, கோடிக்கணக்கானோர் விழித்திருந்த இரவில், வென்றவரின் வாயிலிருந்தே வந்தது. எந்த விழிப்புணர்வு விளம்பரத்துக்கும் கிடைக்காத நேரம் அது.

இறுதியில் டாஸ் வென்ற தென்னாப்பிரிக்கக் கேப்டன் வோல்வார்ட் பந்துவீச்சைத் தேர்ந்தார். இரவில் பனி இறங்கினால் ஈரப்பந்து சுழற்பந்து வீச்சாளரின் கையில் வழுக்கும், துரத்துவது சுலபம் என்ற வழக்கமான கணக்கு. ஷஃபாலி 78 பந்தில் 87, தீப்தி 58. இந்தியா 7 விக்கெட்டுக்கு 298. துரத்தலில் அமன்ஜோத் கவுரின் நேரடி எறிதலில் பிரிட்ஸ் ரன் அவுட். நடுவில் பகுதிநேரப் பந்துவீச்சாளரான ஷஃபாலியிடம் ஹர்மன்ப்ரீத் பந்தைக் கொடுத்ததும் சுனே லூஸ், மரிசான் காப் இருவரும் விழுந்தார்கள். ஆறாவது பந்துவீச்சாளர் இல்லையே என்று தொடரின் தொடக்கத்தில் திணறிய அணிக்கு, அணியிலேயே இல்லாமல் இருந்தவர் ஏழாவது பந்துவீச்சாளராக அமைந்தார். 101 அடித்த வோல்வார்ட், தீப்தியின் பந்தில் அமன்ஜோத் தட்டித் தடுமாறி மூன்றாம் முயற்சியில் பிடித்த கேட்சில் போனார். தீப்தி 39 ரன்னுக்கு 5. தொடரில் 22 விக்கெட், 215 ரன்.

அதே தீப்தி, அதே தென்னாப்பிரிக்கா. 2022 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச்சில் கடைசி ஓவரில் கேட்ச் கிடைத்த பந்தில் தீப்தியின் கால் கோட்டைத் தாண்டியதால் நோபால் ஆகி, இந்தியா உலகக் கோப்பையிலிருந்து வெளியேறியது. முன்னங்கால் நோபாலை மூன்றாம் நடுவர் ஒவ்வொரு பந்துக்கும் கேமராவில் பார்த்துச் சொல்லும் முறையை ஐசிசி தன் தொடர்களில் முதலில் கொண்டுவந்ததும் மகளிர் தொடரில்தான், 2020 டி20 உலகக் கோப்பையில். கேமரா இந்தியாவுக்குச் சாதகமாக மட்டும் வேலை செய்ததில்லை.

பரிசுத் தொகை 44.8 லட்சம் டாலர். ஆண்களின் 2023 உலகக் கோப்பையை வென்ற அணிக்குக் கிடைத்தது 40 லட்சம். பிசிசிஐ தன் பங்குக்கு 51 கோடி அறிவித்தது. கோப்பையை வாங்கிய அணி அதை நேராக எடுத்துக்கொண்டு போனது, எல்லைக்கோட்டருகே நின்ற மிதாலி, ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகியோரிடம். பிரதிகா சக்கர நாற்காலியில் வந்து கொண்டாடினார். பதக்கம் பதினைந்து பேர் கொண்ட அணிக்கு மட்டும் என்ற விதியால் அன்று அவர் கழுத்து வெறுமையாக இருந்தது, பிறகு கிடைத்தது.

வென்ற அணியில் தமிழ்நாட்டு வீராங்கனை ஒருவரும் இல்லை. ஹேமலதா தயாளன் டபிள்யூபிஎல் தொடங்கியபோதே அதில் ஆடியவர். மதுரையின் கமலினியை 16 வயதில் 1.60 கோடிக்கு மும்பை அணி எடுத்தது. அடிப்படை விலையைப் போல் பதினாறு மடங்கு. ஆளும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. ஐந்து டபிள்யூபிஎல் அணிகளும் அகமதாபாத், மும்பை, பெங்களூரு, டெல்லி, லக்னோ நகரங்களுக்கு. சென்னைக்கு அணி இல்லை. முதல் மூன்று சீசன்களில் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டமும் இல்லை. 603 ரன் அடித்த மைதானத்துக்கு, அடுத்த தெருவில் மட்டை பிடிக்கும் பெண் குழந்தை மாலை ஏழரை மணிக்குப் போய்ப் பார்க்கும்படி ஓர் ஆட்டம் எப்போது வரும் என்பதை 2027-இல் முடியும் ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் அடுத்த ஏலம்தான் சொல்ல வேண்டும்.